மெத்தென்ற வண்டியில் ஏற்றினேன், மாப்பிள்ளை

என்னோடு வம்பிழுக்காமல் ஒரு நாளும் சோறு இறங்காத மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவன், கடிதாசி எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் அங்கிருந்தே சிரித்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனி ஓடுகிறது. மண்ணரைப் பக்கம் நம் கம்பெனி கேட்டுக்குள் என் வெள்ளை வண்டியும் உங்கள் கறுப்பு வண்டியும் முன்னைப்போல ஒட்டித்தான் நிற்கின்றன. என் தங்கச்சி, அதாவது உங்கள் சரசு, உங்கள் மேசையில் உட்கார்ந்து, சரக்கு வாங்குகிற பையரோடு போனில் பேசுகிறாள். உங்களைவிட நன்றாகவே பேசுகிறாள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே வாரத்தில் வாங்கிய கார்கள். இரண்டும் பின்னால் டிக்கி வைத்து, குடும்பத்தோடு போகிற வண்டிகள்தான். என்னுடையது சோபா. பள்ளம் மேடு எதுவும் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. ஆனால் எண்பதைத் தாண்டினால் ஆடும், வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். உங்களுடையது கல். சின்ன வேகத்தடைகூட இடுப்பெலும்பில் வந்து பேசும். ஆனால் நூற்றிருபதிலும் ரோட்டைக் கவ்விக்கொண்டு, நினைத்த இடத்தில் திரும்பும்.

"உங்க வண்டியில ஊத்துக்குளித் தயிரை ஏத்துனா, இங்க வந்து வெண்ணெயா எறக்கிக்கலாமுங்க மாப்ளே" என்பேன்.

"உங்களுது பரிசலுங்க மச்சான். துடுப்பு எங்கீங்க, டிக்கியிலயா?" என்பீர்கள். தைக்கிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள்.

சண்டை போட்டுப் போட்டு ஒரு வழக்கம் வந்துவிட்டது. வெளிநாட்டு பையர் ஏர்போர்ட்டில் இறங்கினால் என் வண்டி. சாம்பிள் பெட்டி கூரியருக்கு நேரமாகிவிட்டால் உங்கள் வண்டி. குலுங்கக்கூடாதது எனக்கு, தாமதிக்கக்கூடாதது உங்களுக்கு. இரண்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்கும்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தீர்கள். சட்டை நனைந்துவிட்டது. "வாயுப் பிடிப்புங்க மச்சான்" என்றீர்கள். பக்கத்து டாக்டர் ஓடி வந்து பார்த்தார். ஹார்ட்டு, உடனே கோயமுத்தூர் கொண்டுபோங்கள், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். நான் ஆணிக்குப் போனேன். வலியில் இருக்கிற மனுசன், குலுங்கக்கூடாது என்று என் சாவியை எடுத்தேன். நீங்கள் தாமதிக்கக்கூடாதவர் என்று ஏன் மாப்பிள்ளை எனக்குத் தோன்றவில்லை?

சரசு பின்சீட்டில் உங்கள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவிநாசி தாண்டி மிதித்தேன். தொண்ணூறில் ஒரு லாரியைத் தாண்டும்போது காற்று அடித்து வண்டி மிதந்தது. காலை எடுத்தேன். மறுபடி மிதித்தேன், மறுபடி எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது நீங்கள் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

அதிலிருந்து ஞாயிறு ஆனால் உங்கள் வண்டியை எடுக்கிறேன். அதே பத்து மணி, அதே ரோடு. ஞாயிறு லாரி குறைவு என்று ஒரு திங்கட்கிழமையும் போய்ப் பார்த்தேன். நீங்கள் என்னைவிட அரை சாண் குட்டை. உங்கள் உயரத்துக்கு வைத்த, பின்னால் பார்க்கிற கண்ணாடியை நான் மாற்றவில்லை, அதில் எனக்கு ரோடு தெரிவதில்லை, பின்சீட்டுதான் தெரிகிறது. சில வளைவுகளில் அந்த சீட்டு லேசாக அமுங்குகிறது. கல் மாதிரி சீட்டு, ஆளில்லாமல் எப்படி அமுங்கும்? நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு ஆன நேரத்தைவிடப் பதினொரு நிமிஷம் முன்னால் சேர்ந்துவிடுகிறேன் மாப்பிள்ளை. எல்லாத் தடவையும் ஏறக்குறைய அதே பதினொன்று.

போன ஞாயிறு சரசு கேட்டில் நின்றாள். "நானும் வர்றேனுங்ணா. எங்கேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அன்று உட்கார்ந்த பக்கமே பின்னால் ஏறிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் மடி தெரிந்தது. ரோட்டை அகலப்படுத்துகிற இடத்துக் குழிகளில் வண்டி அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு வாட்சைக் காட்டினேன்.

"பதினொரு நிமிசம், கண்ணு. அன்னிக்கு இந்தச் சாவியை எடுத்திருந்தா..."

"என் ரண்டு கையும் எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா? ஒண்ணு கதவுல, ஒண்ணு முன்சீட்டுல. இதுல அவரை எப்படீங்ணா புடிச்சுட்டு வந்திருப்பேன்?"

"உசுரு இருந்திருக்குமே, கண்ணு."

"இருந்திருக்கலாமுங்க. எனக்கும் அது தெரியாம இல்லீங்க." முன்சீட்டைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்தாள். "அந்த ஒரு மணி நேரம் அவரு என் மடியில இருந்தாரு. எனக்குன்னு மிச்சம் அது ஒண்ணுதானுங்ணா. நீங்க வாரா வாரம் வந்து அதுல பதினொரு நிமிசத்தை வெட்டீட்டுப் போறீங்க."

பார்த்திருந்தாலும் நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள். திரும்பி வரும்போது நாற்பதுக்கு மேல் போகவில்லை. கண்ணாடியில் அவள் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்திருந்தாள், எதையோ தாங்குகிறவள் மாதிரி.

எந்தச் சாவியை எடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் வந்து சொன்னால் ஒழிய எனக்குத் தெரியப்போவதில்லை. அந்தக் கேள்வி என்னோடு கிடக்கட்டும். ஆனால் இது சத்தியம், மாப்பிள்ளை. அந்த ரோட்டில் இனி நான் மணி பார்க்கமாட்டேன். அவளுடைய ஒரு மணி நேரத்தில் கை வைக்கமாட்டேன்.

தங்கச்சியை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்த
உங்கள் மச்சான்