துணிக்கொடிக் கம்பி

12-8-2012, ஞாயிறு

காலையில் பூசைக்குக் கிளம்பும்போது மகன் ஜெரால்டு புதுக் காரைப் பின்னால் எடுத்தான். பழைய காருக்கு நான்தான் பின்னால் நின்று குரல் கொடுப்பேன். அதை ஓட்டிய என் கணவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கமாட்டார். அந்தப் பழக்கத்தில் இன்றும் போய் நின்றேன்.

"அம்மா, மாறி நில்லுங்க. இதுல சென்சார் உண்டும். ஏதாவது இருந்தா அதுவே சத்தம் போடும்."

"மாமிக்கு இனி பென்ஷன்தான்," என்று மருமகள் சிரித்தாள்.

மாறி நின்றேன். துணிக்கொடி கட்ட நட்டிருந்த மெல்லிய இரும்புக் கம்பி காருக்கு நேர் பின்னால் இருந்தது. பார்த்தேன். வாய் திறக்கவில்லை. கார்தான் சொல்லுமே! கார் சொல்லவில்லை. பின்விளக்கு நொறுங்கியது.

அப்படியே கோயிலுக்குப் போய், யாரிடமும் இதைச் சொல்லாமலே சாமியார் கையால் நற்கருணை நன்மையும் வாங்கிவிட்டேன்.

சென்சார் மாட்டிய பையனை நாளை ஒர்க்‌ஷாப்பில் போய் ஒரு வழி பண்ணப்போகிறானாம் ஜெரால்டு. அவன் கிளம்புமுன் நான் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் ஒன்றுதான் கேட்பான்: கம்பிக்குப் பதில் ஒரு பிள்ளை நின்றிருந்தால்?

கூப்பிட்டிருப்பேன். நிச்சயமாகக் கூப்பிட்டிருப்பேன். இதை எத்தனை தடவைதான் எழுதுவது.