இடப்பக்கம் மட்டும் திரும்பிய வண்டி

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் புதுக் காலைப் போட்டுக்கொண்டு வராந்தாவின் கடைசிவரை நடந்ததாக நர்ஸம்மா போனில் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை. உங்களிடம் கேட்டால், அங்கே மழையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறீர்கள். வண்டி என்று வாயெடுத்தால் போனையே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது.

முதலில் ஒரு சண்டை. நம் பழைய ஜீப் வண்டியை விலை பேச நீங்கள் அனுப்பிய ஆள் வந்தார். வண்டிக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இரும்பு எடைக்குத்தான் போகும் என்றார். என் வீட்டுக்காரரைவிட மூத்த வண்டி, கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இனி அது எனக்கு எதற்கு என்கிறீர்கள். உங்கள் இடது காலை எடுத்தது கம்பெனி லாரி. இந்த வண்டி உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத செய்தி. விபத்துக்கு முன்பு ஆசையாக வாங்கிப் போட்டீர்களே, அந்தப் பெரிய இன்ஜின், அதை என் அண்ணன் தன் பட்டறையில் வண்டிக்குள் இறக்கிவிட்டார். நான்தான் நச்சரித்தேன். தகராறு ஹெடரில்தான் வந்தது. இன்ஜின் விடும் புகையை வாங்கிச் சைலன்சரிடம் கொடுக்கும் அந்தக் குழாய்க் கொத்தைப் பற்றி நான் பேசிய அளவுக்கு மகளின் படிப்பைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

ஹெடருக்கு மூன்று வழி இருந்தது. இன்ஜினோடு வந்த வார்ப்பிரும்புக் கட்டை வண்டியின் அடிச்சட்டத்தில், அதுதான் சேஸிஸில், இடித்தது, அதை ஓரம் கட்டியாயிற்று. மீதி இரண்டு. ஒன்று நீங்கள் படம் காட்டிக் காட்டி ஆசைப்பட்ட நீளக் குழாய். மேட்டில் இழுவை, கம்பீரமான சத்தம் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வீர்களே, அதுதான். இன்னொன்று குட்டை ஹெடர். அண்ணன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மச்சான் ஆசப்பட்டது நீளம், நீளத்தத்தான் போடுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நாம் சிரிக்கப் பழக வேண்டும்.

அண்ணன் பெரிய கெட்டிக்காரர் அல்லவா! சக்கரம் நேராக நிற்கும்போதே அளவெடுத்து, பற்றவைத்து, போல்ட் எல்லாம் முறுக்கிவிட்டார். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி இடப்பக்கம் மட்டும்தான் திரும்புகிறது. வலப்பக்கம் ஒடித்தால் ஸ்டீயரிங் கம்பி குழாயில் போய் முட்டுகிறது. பட்டறையில் ஒரே சிரிப்பு. "இடது பக்கமாவே சுத்திச் சுத்தி வீடு வந்து சேந்துடலாம்மா" என்று சமாளித்தார். அப்புறம் குழாயை நசுக்கி இடம் பண்ணுவதாகச் சுத்தியலை எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியில் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். இடது காலை மடித்து இருக்கைமேல் வைத்துக்கொண்டு, கிளட்சை எப்படி மிதிப்பது என்று அண்ணனைக் கேட்டேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். குனிந்து பெடலுக்குக் கீழே பார்த்தார். "கையால இழுக்குற மாதிரி செய்யலாம். ஆனா கேபிள் போக வேண்டிய வழியிலதானே இந்தக் குழாய் இருக்கு" என்றார். நசுக்கினாலும் பயனில்லை, சூட்டில் கேபிள் உருகிவிடுமாம்.

குட்டை ஹெடர் போட்டால் அந்த வழி திறந்துகொள்கிறது. அதனால் உங்களைக் கேட்காமல் அதையே போடச் சொல்லிவிட்டேன். மேட்டில் இழுவை கொஞ்சம் குறையும். நீங்கள் கனவு கண்ட சத்தமும் வராது. திட்டுங்கள், ஆனால் நேரில் வந்து திட்டுங்கள். இன்ஜினை முடுக்கிப் பார்த்தபோது மகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். "அப்பா வண்டி இப்பல்லாம் இருமவே இல்லம்மா" என்றாள்.

எனக்கும் பயம் இருக்கிறது. நீங்கள் பேசாமல் இருப்பதுதான் அந்தப் பயம். வாசலில் கிடந்த உங்கள் செருப்பை எடுத்து வைத்துவிடலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். புதுக் காலுக்கும் செருப்பு உண்டு, இரண்டையும் வையுங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். துடைத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி. கிளட்சை இழுக்கும் கைப்பிடியை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. அண்ணன் கை குட்டை, என் கை அதைவிடக் குட்டை. ஓட்டுகிறவர் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டாமல் துளை போட மாட்டேன் என்று, கைப்பிடி வரவேண்டிய தகட்டை அப்படியே விட்டிருக்கிறார். நான் ஒரு தடவை சாக்பீஸால் குறித்தேன், துணியால் அழித்துவிட்டார்.

உங்கள் வலி குறையட்டும், புதுக் கால் சொன்ன பேச்சு கேட்கட்டும். டாக்டர் அனுப்புகிற அன்றைக்கு நேராகப் பட்டறைக்கு வந்துவிடுங்கள். ஓட்ட வேண்டாம். ஏறி உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டுங்கள்.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கையில் உட்காரக் காத்திருக்கும்
உங்கள் மனைவி