மறுமுனை பிடிக்க ஆளில்லை

மார்ச் 3
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஊரார் துணியையெல்லாம் உதறிப் பார்த்து மடிக்கிறவன் நான். இன்று சூப்பர்வைசர் மேல் வந்த புகாருக்குச் சாட்சி சொல்ல, விசாரணை அறைக்கு என் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா என் கழுத்துப் பட்டியையே பார்த்தார். ஏதோ முக்கியமாகக் கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து வேறு உட்கார்ந்தேன்.

பார்த்ததைச் சொன்னேன். இஸ்திரி மெஷினில் நிற்கும் பெண், என்னை அண்ணே என்று கூப்பிடுகிற தங்கச்சி, மாசமாக இருக்கிறாள். உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டாள். சூப்பர்வைசர் அவளை டிரையர் பக்கம், அந்த அனலில் கொண்டுபோய் நிறுத்தினார். "உக்காந்து சாப்பிடவா வந்தே?" என்றார். மயங்கி விழுந்தபோது, "நடிப்பு" என்றார். அவ்வளவுதான். மற்றவர்களும் பக்கத்தில்தான் இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லையாம்.

செருப்புக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகள், "சூப்பர்ப்பா" என்றாள். சட்டையைத் திருப்பிப் போட்ட பிறகு இன்னொரு தடவை சொன்னாள்.

மார்ச் 5
பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். பல வருஷமாக என் எதிரில் நெட்டையன்தான். இன்று அவனை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

"எனக்கு யாரு சார்?"

"அதான் தைரியமான ஆளாச்சே, தனியா மடிங்க." சூப்பர்வைசர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 6
ஒரு ஓரத்தை ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டு மடித்தேன். ஜன்னல் நல்ல கூட்டாளி. நெட்டையனைப் போல மூக்கால் பாடாது.

மார்ச் 11
வேலையில் மந்தம் என்று மெமோ. மனைவி வாசித்துவிட்டு, "நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். கோபமில்லை. சாப்பாடு மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வைத்தாள். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14
சாப்பாட்டு அறையில் நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியாகிவிடுகிறது. சௌகரியம்தான், காலை நீட்டிக்கொள்ளலாம்.

குழாயடியில் நெட்டையன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "எனக்கும் புள்ளைங்க இருக்குடா."

"போடா, உன் பாட்டு இல்லாம காது நிம்மதியா இருக்கு."

அவன் சிரிக்கவில்லை.

பழிவாங்குவது என்றால் யாராவது அரிவாளோடு வருவார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். இங்கே யாரும் வருவதே இல்லை.

மார்ச் 19
தங்கச்சி புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கிழிசல் தைக்கிற மூலையில் அவளுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அவள் கேட்டதும் அதுதானே.

"அண்ணே, வேலையை விட்டா எனக்கு வேற வழியில்ல. தப்பா நினைச்சுக்காதீங்க."

"நல்லா சாஞ்சு உக்காரு" என்றேன். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் என்னைத் தெரியாதவள் போலக் குனிந்து தைக்க ஆரம்பித்தாள். அதுதான் கொஞ்சம்... சரி, விடு.

சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "அவளே வேண்டாம்னுட்டா. நீங்களும் தப்பா பாத்துட்டேன்னு எழுதிக் குடுங்க. நெட்டையன் நாளைக்கே வந்துருவான்."

கட்சிக்காரி வீட்டுக்குப் போன பிறகும் கோர்ட்டு வாசலில் நிற்கிற சாட்சி நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20
எழுதிக் கொடுக்கவில்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் விழுந்தது கண்ணிலேயே நிற்கிறது. அதை எப்படித் தப்பாகப் பார்த்தேன் என்று எழுதுவது? இன்னொரு மெமோ வந்தது.

மார்ச் 23, ஞாயிறு
வீட்டுப் படுக்கை விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்தேன். பழக்கதோஷம், ஜன்னல் கம்பியைத் தேடினேன். "என்னப்பா இது, நான் இல்லையா?" என்று மகள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். உதறினோம்.

"அப்பா, கடையில ஒரு ஜோடி செருப்பு காணோம். கூட வேலை செய்யற பொண்ணை எல்லார் முன்னாடியும் திருடின்னுட்டாங்க. முதலாளியோட தம்பி எடுத்துட்டுப் போனதை நான் பாத்தேன். நாளைக்கு எங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேப்பாங்களாம்."

நடந்து வந்து தன் மூலைகளை என் கையில் கொடுத்தாள். விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க சொன்ன மாதிரி நானும் சொல்லிடவா?"

சுருக்கமே இல்லாத இடத்தை நீவிக்கொண்டிருந்தேன். அவள் என் கையையே பார்த்தாள். பிறகு, "சரிப்பா, எனக்குப் புரியுது" என்று உள்ளே போய்விட்டாள். என்ன புரிந்ததோ.

'பாக்கலைன்னு சொல்லிடும்மா' — நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.