தெரசம்மாள் அக்காவின் முறை

அன்புள்ள அம்மாவுக்கு, டப்ளினிலிருந்து ரெஜினா எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரை போடுகிறாரா? நான் நலம். நேற்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், என் துண்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போனில் சொல்ல வாய் வராமல், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் மகள் அக்சிலியாவுக்குப் பாலும் பருப்பும் ஆகாத அந்த அபூர்வ நோய் என்று தெரிந்ததிலிருந்து, நம் தெருவே முறை வைத்து அவளுக்கு ஜவ்வரிசியில் தனியாகச் சமைக்கிறது. போன மாதம் ரத்தச் சோதனையில், அவளுக்குச் சேரக்கூடாத புரதச் சத்தின் அளவு ஏறியதும், "தெரசம்மாதான் எதையோ கலந்துட்டாங்க" என்று அண்ணி தெரசம்மாள் அக்காவைச் சமையல் முறையிலிருந்து நீக்கினார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

பால்கோவா கொடுத்தது நான். "ஒரே வாய் அத்தை, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். மூன்று நாள் கொடுத்தேன். பாசம் என்று நினைத்தேன். அவள் என்னிடம் மட்டும் ஓடிவர வேண்டும் என்ற ஆசை அது. எத்தனை பேர் கேட்டும் அந்த ஐந்து வயதுக் குழந்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் விமானம் ஏறிவிட்டேன்.

ரசப் பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது அக்சிலியா கிறுக்கிய தாள் ஏதாவது கூட வையுங்கள். அதற்கு முன் இந்தக் கடிதத்தைத் தெரசம்மாள் அக்கா வீட்டில், அண்ணியையும் வைத்துக்கொண்டு, சத்தமாகப் படியுங்கள். குழந்தையை யாரும் திட்ட வேண்டாம். இனி அவள் எனக்காக எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

பேருந்து வந்துவிட்டது, அம்மா.

ரெஜினா