மருமகளிடம் நானே பேசினேன்

காரைக்கால்,
வெள்ளிக்கிழமை

என் செல்ல மகன் சஃபியுல்லாவுக்கு உம்மா ஆஸியா பீவியின் ஸலாமும் துஆவும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே சுகம், வாப்பாவின் முட்டிவலி மட்டும் அவரைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் மருமகள் நஜீபாவும் அந்த லண்டன் குளிரில் நோய் நொடியில்லாமல் இருக்க அஞ்சு வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் லாத்தா ஜஸீலாவின் மகள், என் பேத்தி இஃபாத் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் நம் வீட்டுக் கூத்தைச் சொல்கிறேன். ரெண்டு மாசமாக நம் வீட்டில் சாயங்காலம் அஸர் தொழுததிலிருந்து மக்ரிப் பாங்கு வரைக்கும் இங்கிலீஷ்தான். சட்டம் போட்டது நான். தப்பாகப் பேசலாம், பேசாமல் இருக்கக் கூடாது, பேசுகிறவரைப் பார்த்து யார் சிரிக்கிறார்களோ அவர்தான் மறுநாள் டீ போட வேண்டும். முதல் நாள் வீட்டில் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு சத்தமில்லை. உன் வாப்பா ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை முப்பத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன், இது முன்பே தெரிந்திருந்தால் நிக்காஹ் ஆன மாசமே சட்டம் போட்டிருப்பேன். டீயில் சர்க்கரை போடாமல் வைத்து, இங்கிலீஷில் கேட்டால் கிடைக்கும் என்றேன். மனுஷர் மூணு நாள் அப்படியே குடித்தார். நாலாம் நாள் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டே, "ப்ளீஸ், கிவ் மீ சுகர்" என்றார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு கூச்சப்படவில்லை. இஃபாத் சிரித்துவிட்டாள், மறுநாள் டீ அவள் போட்டாள். இப்போது அவரை நிறுத்த முடியவில்லை. காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டு வரும் லோகாம்பாளிடம், "ஈஸ் திஸ் ஃப்ரெஷ்?" என்று மிடுக்காகக் கேட்டார். அவள் கூடையை இறக்கிக்கொண்டே, "மார்னிங் ஃபிஷ், சார். நோ ஐஸ்" என்றாளே பார்க்கணும்! எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "வெளியூர்க்காரங்க பீச்சுக்கு வந்தா கேக்குறாங்க, நானும் சொல்றேன், பேசப் பேச வந்துடுதுங்க" என்கிறாள். உன் வாப்பா அன்றைக்குப் பேரம் பேசவே இல்லை.

இஃபாத்துக்குத்தான் இதில் பெரிய லாபம். இங்கிலீஷ் பரீட்சையில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிற பிள்ளை, டீச்சர் ஏதாவது கேட்டால் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். போன வாரம் வகுப்பில் தானாக எழுந்து, எனக்குப் புரியவில்லை மிஸ், தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். ஜஸீலா இதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டாள். நாலு பேர் முன்னால் பந்தா காட்டவா பாஷை, புரியவில்லை என்று கூசாமல் சொல்லத்தானே.

ஐம்பத்தாறு வயசில் உம்மாவுக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பாய். உன்னால்தான். வீடியோவில் நான் நஜீபாவிடம் அஞ்சு நிமிஷம் பேசுவேன், நீ திரும்பி மூணு வார்த்தை சொல்வாய், அவள் சிரிப்பாள். அவள் நெடுநேரம் பேசுவாள், நீ "நல்லாருக்காளாம் உம்மா" என்பாய். தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது அவள் குற்றமா? உங்கள் நிக்காஹ்வுக்கு வீம்பு பிடித்து வராமல் இருந்தேனே, அது மூணு வருஷமாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. போன ஹஜ்ஜுப் பெருநாளன்று உன்னிடம், "நான் வராதது தப்புதான், மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லுப்பா" என்றேன், ஞாபகமிருக்கிறதா? நீ சொன்னாய், அவள் சிரித்தாள், எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி, என் வாயால் சொல்லாதவரை இறங்காது போலிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை இஃபாத்துக்குப் பள்ளிக்கூடம் லீவு. நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நஜீபாவைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்திலேயே இங்கிலீஷாக எழுதி வைத்திருந்தேன். அவள் ஹலோ சொன்னதுதான் தாமதம், சலாம், சுகம், மழை, வாப்பாவின் முட்டி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓதி முடித்து, தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டேன். அவளை ஒரு வார்த்தை பேச விடவில்லை. இஃபாத் தலையில் அடித்துக்கொண்டாள். ரெண்டு நிமிஷத்தில் மருமகளே திருப்பிக் கூப்பிட்டாள். தாளில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி என் கையில் ஒன்றுமில்லை. இஃபாத் வகுப்பில் சொன்னதையே நானும் சொன்னேன், புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லும்மா என்று. பாவம், அவளும் சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் நிதானமாகப் பேசினாள். தைரியம் வந்து, தாளில் எழுதக்கூடப் பயந்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "யுவர் நிக்காஹ், ஐ டிட் நாட் கம். மை மிஸ்டேக். ஐ ஆம் சாரி" என்றேன். அந்தப் பக்கம் பார்த்தால் அழுகிறாள். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன், ஊருக்கு வரட்டுமா என்று உங்களிடம் கேட்கும்படி சஃபியிடம் எத்தனையோ தடவை சொன்னேன் என்கிறாள். பெருநாளன்றே நான் மன்னிப்புக் கேட்டதை சஃபி சொன்னானே என்றேன். சாப்பிட்டாயா என்று உம்மா கேட்கிறார்கள் என்றுதான் சொன்னாராம் எங்கள் மொழிபெயர்ப்பாளர். எப்போதும் அதையேதான் சொல்வாராம்! ரெண்டு பேரும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தோம், நாற்பது நிமிஷம் பேசினோம்.

அடப் பாவி மகனே, கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யார் மனசும் நோகக் கூடாது என்று பயந்திருப்பாய், எனக்குத் தெரியாத பிள்ளையா நீ. மன்னித்துவிட்டேன், அந்த வேலையிலிருந்து மட்டும் உன்னை எடுத்துவிட்டேன். போனை வைக்கும்போது அவள் கொஞ்சம் தயங்கி, தமிழில், "உம்மா, சாப்டாச்சா?" என்றாள். நான் எப்போதும் கேட்பதாக நீ சொன்ன அந்த ஒரு கேள்வியை, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணிடம் கேட்டுக் கற்று வைத்திருக்கிறாள். "எஸ், மை டாட்டர்" என்றேன். சந்தோஷத்தில் அன்றைக்குப் பகல் சாப்பாட்டையே மறந்துபோனது வேறு விஷயம்.

நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் ரெண்டு பேரும் வருகிறீர்கள். நானும் அவளும் முடிவு செய்துவிட்டோம், உனக்குத் தகவலுக்காகச் சொல்கிறேன். அதற்குள் தினம் ஒரு மணி நேரம் அவளிடம் தமிழ் பேசு, அவள் தப்பாகச் சொன்னால் சிரிக்காதே, சிரித்தால் டீ நீதான் போட வேண்டும். வாப்பாவுக்கு முட்டித் தைலம் மறக்காமல் வாங்கி வா. அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆஸியா பீவி

பி.கு.: இந்தக் கடிதத்தை நஜீபாவுக்கு நீ படித்துச் சொல்ல வேண்டாம். இதில் உள்ளதையெல்லாம் நானே அவளிடம் சொல்லிவிட்டேன்.