அடுத்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முப்பத்திரண்டு வயதுக்காரியை இப்படிக் கூப்பிடாதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, பழக்கம் விடவில்லை. நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், இங்கே வந்த முதல் நாளே என் அலமாரி மேலிருந்த தூசியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள். தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீயும் நானும் செய்துகொண்ட அந்தச் சத்தியத்தைப் பற்றிய விஷயம் இது. போனில் ஆரம்பித்தால், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். இரண்டு தடவை அப்படித்தான் வைத்தேன், அடுப்பில் பாலே இல்லை.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருஷமாக அச்சகத்திலிருந்து மாதம் மூன்று நாவல் வருகிறது, பிழை திருத்தி அனுப்புகிறேன். கண்ணை மட்டும் நம்பினால் விட்டுப்போன சொல் தப்பிவிடும் என்று வாய்விட்டுத்தான் படிப்பேன், கமா, புள்ளி, புதுப் பாரா எல்லாவற்றையும் சேர்த்து. நீயில்லாமல் நான் இல்லை கமா அன்பே புள்ளி என்று நீ சின்ன வயதில் என்னைக் கேலி செய்துகொண்டே வீட்டைச் சுற்றி வருவாய். உன் அப்பா நம்மை விட்டுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்ட பிறகு மேனேஜர் காதல் கதைகளாகவே என் பக்கம் தள்ளினார். நான் ஒருத்திதான் கதைக்குள் போகாமல் எழுத்தை மட்டும் பார்க்கிறேனாம், அழுகிற இடத்தில்கூட என் பேனா நிற்பதில்லையாம். அதை நானும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் குடி வந்ததாகப் போன வருஷம் சொன்னேனே, மனைவி தவறி ஆறு வருஷமானவர், பிள்ளைகள் இல்லை. பார்த்தால் தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன், அதோடு சரி. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார் என்பதோ, அவர் சமையலறை ஜன்னலும் நம் சமையலறை ஜன்னலும் எதிரும் புதிருமாக ஒரே சந்துப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதோ என் புத்தியில் உறைக்கவே இல்லை. ஒரு தடவை எனக்குத் தொண்டை கட்டி நான்கு நாள் வாயே திறக்காமல் வேலை செய்தேன். ஐந்தாம் நாள் கதவைத் தட்டினார். கையில் கருவிப் பை, நெற்றியில் கிரீஸ், பார்வை தரையில். "தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பொண்ணு பஸ் ஏறிட்டாளா இல்லையா?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் பிடிபடவில்லை, நான் வாய்விட்டுப் படித்த நாவலின் கதாநாயகியைக் கேட்கிறார் என்று புரிந்ததும் முகமெல்லாம் எரிந்தது. வந்த புதிதில் நான் யாருடனோ போனில் காதல் பேசுகிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தன் ஜன்னலைச் சாத்திக்கொள்வாராம், அப்புறம் காதலனிடம் யாராவது கமா சொல்வார்களா என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டாராம். வீட்டில் ஒரு குரல் கேட்டு ஆறு வருஷமாயிற்று என்றும் சொன்னார். ஏறிவிட்டாள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்திவிட்டுப் பத்து நாள் புழுங்கினேன், பிறகு திறந்தேன். வெக்கை தாங்கவில்லை என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே நம்பு.

போன மாதம் நான் திருத்தி அனுப்பிய ஒரு கட்டு அச்சகத்திலிருந்து திரும்பி வந்தது. பதினாறு பக்கத்தில் பதினெட்டுப் பிழையை விட்டிருக்கிறேன். உடம்பு சரியில்லையா என்று மேனேஜர் பதறிப்போய் விசாரித்தார். அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புருஷன் விட்டுப்போன ஒருத்தி மறுபடியும் ஒருவனோடு சேர்ந்து சிரிக்கிற இடம். அதைப் படித்த மத்தியானம் எனக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. நான் பிழை பார்க்கவே இல்லை பாப்பா, கதை படித்திருக்கிறேன், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒருவர் கேட்கிறார் என்று நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறேன். செத்தே போயிற்று என்று நான் மூடி வைத்தது உள்ளே இத்தனை வருஷமும் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான நாவல்களில் இதைப் படித்தும் ஒன்றைக்கூட நம்பாதவள், ஐம்பத்தாறு வயதில் பிரமை பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் அவரைப் பிடித்து, உங்களால் எனக்கு அச்சகத்தில் கெட்ட பெயர் என்று சண்டைக்குப் போனேன். அவர் பையைக் கீழே வைத்தார். "நீங்க கமா சொல்றதை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. சொன்னா திரும்ப ஆரம்பிச்சிடுவீங்களோன்னு பேசாம இருந்தேன்" என்றார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்னை ஒரு மனிதர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார். உன் அப்பாவோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தேன், அவருக்கு என் வேலை என்னவென்றுகூடச் சரியாகத் தெரியாது.

போன ஞாயிறு நேராகவே கேட்டுவிட்டார், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு மீதி நாளைச் சேர்ந்து இருக்கலாமா என்று. எனக்கு ஆசைதான், சத்தியம் குறுக்கே நின்றது. அப்பா போன அன்று பாதி காலியான துணி அலமாரி முன்னால் உட்கார்ந்து, பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி எந்த ஆணையும் நம்ப மாட்டோம், நமக்கு நாமே போதும் என்று சொல்ல வைத்தேன். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். உன் ஆபீஸில் கட்டட வரைபடம் போடுகிறாரே, மூன்று வருஷம் உனக்காகக் காத்திருந்த அந்த வரைபடக்காரரிடம் கல்யாணத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டதாகப் போன வருஷம் போனில் சொன்னாயே, அப்போது உன் குரல் கம்மியது. எனக்குக் கேட்டது பாப்பா. கேட்டும், என் பெண் என் பெண்தான் என்று பூரித்துப்போனேன். அதை நினைத்தால் இப்போது நெஞ்சு எரிகிறது.

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் உன் சம்மதம் கேட்டிருந்தேன். கேட்டால் நீ சரி என்பாய், என்னை விடுவித்துவிட்டு நீ மட்டும் அந்தச் சத்தியத்தோடு உட்கார்ந்திருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா. அதனால் நேற்று அவர் கதவைத் தட்டிச் சரி என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். சத்தியத்தை உடைத்தவள் நான். உன்னைக் கட்டிப்போட இனி அது இல்லை.

மனம் நிறைந்து, ஆயுசுக்கும் நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், உனக்குக் குளிர் ஆகாது. கோபம் வந்தால் கோபத்தோடே எழுது, அடக்கி வைக்காதே. எதை மறந்தாலும் பதிலில் இதை மறக்காமல் எழுது, அந்த வரைபடக்காரர் இன்னும் உன் ஆபீஸில்தான் இருக்கிறாரா?

என்றும் உன்,
அம்மா