நானே போட்ட டிக்

அக்கா,

ஊருக்கு டிக்கெட் போட்டாச்சான்னு நாலு தடவ கேட்டுட்ட. போட்டாச்சு. ஒன் கல்யாணப் பத்திரிகைய ரூம் சொவத்துலதான் ஒட்டியிருக்கேன்.

பாலிடெக்னிக்கப் பாதில விட்டுட்டு கோட்டையூர்லருந்து அந்தமானுக்கு ஓடியாந்தவனுக்கு இந்த வேல புடிச்சுத்தான் இருந்துச்சு. நீச்சல் தெரியாதவகளுக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சுக்குழாய வாயில குடுத்து, மெதக்குற வளையத்தப் புடிக்கச் சொல்லிக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போவேன். மீனப் பாத்ததும் குழாய்க்குள்ளயே கத்துவாக பாரு, அதக் கேக்கவே தினம் எறங்கலாம்.

செவ்வாக்கெழம கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருத்தர் மகளோட வந்தாரு. அவரும் அப்படித்தான் கத்துனாரு. அப்புறம் சத்தமே இல்ல. கரைக்கு இழுத்துட்டு வந்தப்ப உசுரு இல்ல. நெஞ்சுல ஏற்கனவே ஆப்பரேஷன் பண்ணவராம்.

தீட்டு ஒரு முழுக்குல போயிரும்னு அம்மா சொல்லும். அன்னையிலருந்து தினம் கடல்லதான் முழுகுறேன். போகல.

எறங்குறதுக்கு முன்னாடி ஒரு தாள் உண்டு. நெஞ்சு வலி இருக்கா, ஆப்பரேஷன் பண்ணிருக்கான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதணும். கூட்டம் சாஸ்தின்னா காலையிலயே எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு நானே டிக் அடிச்சு வச்சிருவேன். கையெழுத்து மட்டும் வாங்குவேன். அவர்கிட்டயும் அதான் பண்ணேன்.

"கையெழுத்து அவருதுடா, வாய மூடு"ங்குறாரு மொதலாளி. அந்த மக என் கையப் புடிச்சுக்கிட்டு, "நீங்க எவ்வளவோ போராடுனீங்க தம்பி"ன்னு அழுகுது.

நாளைக்கு அதுகிட்டயும் போலீஸ்லயும் சொல்லிரப் போறேன். சொன்னா ஊருக்கு விட மாட்டாக. மணவறையில ஒன் கையில பொரி போட, தம்பி மொறைக்கு சித்தப்பா மகனக் கூப்புட்டுக்க.

எனக்கு லீவு கெடைக்கலன்னு அப்பாகிட்ட சொல்லாத. உள்ளதச் சொல்லு.

ஒன் தம்பி